மதி என்று சொல்பவன்

எனக்குப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நிற்கிறேன் என்று என் மனைவி இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்தவன் என்று சம்பந்தி வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவனிடம் போய் எங்கள் தெரு அசோசியேஷன்காரர்கள் மௌனத்தை ஒப்படைத்தார்கள். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அதுதான்.

வேலை சின்னது. தெருவில் யாராவது காலமானால் அந்த மாதக் கூட்டத்தில் தலைவர் எழுந்து மலையாளத்தில் நாலு வார்த்தை பேசுவார். கடைசியில் "ரெண்டு மினிட்டு மௌனம்" என்பார். எல்லோரும் எழுந்து தலை குனிவோம். என் கடிகாரத்தில் விநாடி முள் இருந்தது, தொண்டையும் பெரிது. அதனால் நேரம் பார்த்து முடித்துவைப்பது என் பொறுப்பாயிற்று. நேரம் ஆனதும் "மதி" என்பேன். தலைகள் நிமிரும், சாயா வரும்.

மலையாள நாட்டில், கோட்டைக்குள் இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவில் போதும் என்று யாரும் சொல்வதில்லை. மதிதான். மலையாளத்திலிருந்து வந்த சொல், எப்போது வீட்டுக்குள் நுழைந்தது என்று யாருக்கும் நினைவில்லை. இலையில் மோர் விடும்போது மதி. ஆட்டோ வீட்டு வாசலைத் தாண்டும்போது மதி மதி. புருஷன் பெண்டாட்டிச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்போதும் மதி. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்கள் முதலில் விழிப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒரு தடவையும் முழுதாக விட்டதில்லை. ஐம்பது விநாடி. இறந்தவர் ரொம்ப வேண்டியவராக இருந்தால் ஒரு நிமிடம். மற்றவர்கள் கண்ணை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கும் சாயா வேண்டும். மதி என்று சொல்லிவிட்டு சாயா மேஜைக்கு முதலில் போய்ச் சேருகிற ஆளும் நான்தான்.

தெரு முடிகிற முக்கில் ஒரு சாயாக்கடை இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்துகிறார். அவருடைய தங்கை மகன் ஆறு வயதில் தகப்பனை இழந்து இங்கே மாமாவிடம் வந்தான். மலையாளம் படித்து, எங்கள் தெருவில் பந்து விளையாடி, எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியையும் ஒரு தடவை உடைத்து, ஒரு நாள் பட்டாளத்தில் சேர்ந்தான். அவனிடம் இரண்டு பேச்சு இருந்தது. எங்களிடம் பேசுவது ஒரு பையில், ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் பேசுவது இன்னொரு பையில். இந்தப் பையில் இருப்பதை அந்தப் பையில் போட்டதே இல்லை. கடை வாசலில் நின்று அவன் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டால் நேற்றுத்தான் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்தவன் என்று தோன்றும்.

லீவில் வந்தபோது ஒருமுறை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிக்கொடுத்தான். என் மனைவி காபி கொடுத்தாள். அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். துப்பாக்கி, சண்டை என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நிக்கணும் சாமி. அதாக்கும் ஜோலி," என்றான்.

"நிக்கறதா? எவ்வளவு நேரம்?"

"மாத்தறதுக்கு அடுத்த ஆள் வரணும். அது வரைக்கும் நிக்கணும். சுத்தியும் வெள்ளையா இருக்கும். கொஞ்ச நேரம் கழிஞ்சா நாம நிக்கறோமா, மிதக்கறோமான்னு அறியாது."

என்னால் ஒரு நாள்கூட முடியாது என்றேன். அவன் சிரித்தான். அதற்கப்புறம் வந்த மாசியில் வடக்கே எல்லையில் அவன் போய்விட்டான். இருபத்தாறு வயது. பெட்டி நேராக அம்மாவின் ஊருக்குப் போயிற்று. ராணுவ மரியாதையில் குண்டு முழங்கி அங்கேயே எல்லாம் முடிந்தது. எங்கள் தெருவுக்கு மனசு ஆறவில்லை. சாயாக்கடைக்கு எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டு, அவன் படத்தைப் பதித்து, மலையாளத்தில் மூன்று வரி வெட்டிவைத்தோம். வருடா வருடம் அந்த நாளில் அங்கே கூடுவது என்று முடிவாயிற்று.

முதல் வருடம் அவன் அம்மா வந்திருந்தார். முந்தின நாளே வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். ஒடிசலான உடம்பு, மாங்கொழுந்து நிறத்தில் ஒரு சேலை, காலில் செருப்பில்லை. தலைவர் பேசினார், மாலை போட்டார், மௌனம் என்றார். நான் விநாடி முள்ளைப் பார்த்தேன். பெற்றவள் வந்திருக்கிறாளே என்று ஒரு நிமிடம் விட்டேன். அதைப் பெரிய தாராளம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அப்புறம் மைக்கில் மதி என்றேன்.

தலைகள் நிமிர்ந்தன. கூட்டம் கலைந்து சாயா மேஜைக்கு வந்தது. நான் முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவர் மட்டும் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் தலையைக் குனிந்திருந்தார். காலை வெயில் கோயில் கோபுரத்தின் பக்கமிருந்து சாய்ந்து வந்து அவருடைய சேலைத் தலைப்பில் விழுந்தது. தெருவில் பெண்கள் பொங்கலிடும் பொங்காலைத் திருவிழாவுக்கு ஓரமாக அடுக்கியிருந்த செங்கல் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து அவரைப் பார்த்தது. நாங்கள் சாயாவுக்குச் சர்க்கரை போதாது, பருப்புவடை ஆறிப்போச்சு என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்செல்லாம் தெருவுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுபோன மாதிரி இருந்தது. யாரோ நாற்காலி கொண்டுபோனார்கள், அவர் கண்ணைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் கல்லை ஒருமுறை தடவிவிட்டு வந்து சாயா வாங்கிக்கொண்டார்.

பாவம், துக்கம் அமுக்கிவிட்டது என்று பேசிக்கொண்டோம். இரண்டாம் வருடமும் அதேபோல நடந்தது. நான் மதி என்றதும் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம், அவர் குனிந்தார்.

அன்று மதியம் அவரைத் தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிடும் வேலை எனக்கு வந்தது. அண்ணனால் கடையை விட்டு நகர முடியவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஸ்டாண்டுக்கு வருவதாக இருந்ததால் நான் எப்படியும் அங்கே போகவேண்டியவன். தென்காசி பஸ் வரத் தாமதமாயிற்று. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஒங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு ரெண்டு வருசமா நெனைக்கேன் சாமி," என்றார் திடீரென்று.

"எனக்கா? எதுக்கும்மா?"

"மைக்குல ஒத்த வார்த்த சொல்லுதியல்லா, அதுக்கு. தலைவரு பேசுதது எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தக் கல்லுல எழுதியிருக்கதும் வாசிக்கத் தெரியாது. எல்லாம் மலையாளம். நீங்க ஒரு ஆளுதான் தமிழ்ல சொல்லுதிய. மதின்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. அவருடைய தமிழில் மதி என்றால் போதும் இல்லை. மதிப்புக் கொடு, மரியாதை செய் என்று அர்த்தம். எல்லோருடைய தமிழிலும் அதுதானே அர்த்தம், நாங்கள் அல்லவா அதை மோருக்கும் ஆட்டோவுக்கும் விட்டுக்கொடுத்தவர்கள்.

"பட்டாளத்துல மொதல்ல நேரா நிக்கச் சொல்லுவாவளாம்," என்று அவர் தொடர்ந்தார். "பொறவுதான் சல்யூட் அடிக்கச் சொல்லுவாவளாம். எம்மவன் சொல்லுவான். நீங்களும் அதே மாதிரிதான் வச்சிருக்கிய. மொதல்ல எல்லாரும் நேரா நிக்காவ. பொறவு நீங்க மதின்னு சொல்லுதிய. அந்தால நான் அவன நெனைக்க ஆரம்பிப்பேன்."

"மத்தவா எல்லாரும் போயிடறாளேம்மா," என்றேன்.

"அது அதவிடப் பெருசுல்லா சாமி! பெத்தவ தனியா நிக்கட்டும்னு அத்தன பேரும் ஒதுங்கிப் போறாவ பாருங்க. எங்க ஊர்ல விடமாட்டாவ. போட்டோ புடிப்பாவ, இந்தப் பக்கம் திரும்புங்கம்பாவ, கண்ணத் தொடைக்காதியம்பாவ. இது நல்ல வழக்கம். ஒங்க தெருக்காரவியளுக்குப் பெரிய மனசு."

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. மகள் வந்து தோளைத் தட்டியபோது பஸ் போய் ரொம்ப நேரமாகியிருந்தது, நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதுதானேன்னா?"

"என்னன்னு சொல்றது? போதும், கிளம்புங்கோன்னுதான் சொன்னேன்னா? அதையும் ஒரு நிமிஷம் முன்னாடியே சொன்னேன்னா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம் முன்னாடியேவா? ஒவ்வொரு தடவையுமா?" என்றாள். நான் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "அப்போ எங்க அப்பாவுக்கும் அதானா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பாவுக்கு ஐம்பது விநாடி. அன்று மழை வரும்போல் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "இனிமேலாவது முழுசா நில்லுங்கோ. நிக்கப் பழகுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

பழகினேன். சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போய்க் கடிகாரத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நிற்பேன். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு பெரியது என்று அறுபதை நெருங்கும் வயதில்தான் தெரிந்துகொண்டேன். முதல் அரை நிமிடம் மூக்கு அரிக்கும். கேஸ் அடுப்பை அணைத்தார்களா, மின்சார பில் கட்டியாயிற்றா என்று மனசு ஓடும். ஒரு நிமிடம் தாண்டினால் ஒரு பள்ளம் வரும், அதில் ஒன்றுமே இருக்காது. நான் இத்தனை வருடமாக எல்லோரையும் அந்தப் பள்ளத்துக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையும் தாண்டினால் மெதுவாகச் சத்தங்கள் வர ஆரம்பிக்கும். கிழக்கேகோட்டையில் பஸ்கள் இரைவது, யார் வீட்டிலோ குக்கர், எங்கிருந்தோ கடல். எங்கள் தெருவுக்குக் கடல் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன். அது கடல்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மழைக்காலம் முடிந்தபோது இரண்டு நிமிடம் ஐந்தாகி, பத்தாகியிருந்தது. விமானம் ஒன்று வயிற்று விளக்கோடு தாழ இறங்கிப்போகும். சுற்றிலும் மாடிகளில் வெள்ளை வேட்டிகள் காயும். வெளிச்சம் குறையக் குறைய வேட்டிகள் மட்டும் தெரியும், கொடி தெரியாது. ஒரு நாள் அந்த வெள்ளைக்கு நடுவில் பனி மாதிரி ஒரு குளிர்ச்சி காலில் ஏறிற்று. நிற்கிறேனா, மிதக்கிறேனா என்று தெரியவில்லை. அந்தப் பையன் அடுத்த மாடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், நான் கூப்பிட்டால் திரும்பமாட்டான், அவன் வேலையில் இருக்கிறான் என்று தோன்றியது. பயமாக இல்லை. மனைவி வந்து காபி ஆறுகிறது என்றதும் வேட்டிகள் வேட்டிகளாகிவிட்டன.

ஆனால் நிற்கப் பழகியதால் முடிச்சு அவிழ்ந்துவிடவில்லை. மாசி நெருங்க நெருங்க அது இறுகிக்கொண்டே வந்தது. மூன்றாம் வருடம் நான் என்ன சொல்வது? மதி என்றால், என் வாயில் அது போதும்தான். தெரிந்தே அவரை ஏமாற்றுவதாகும். போதும் என்று பச்சைத் தமிழில் சொன்னால் இரண்டு வருடமும் அவர் எதை நம்பி நின்றார் என்பதைச் சந்தியில் போட்டு உடைத்ததாகிவிடும். மலையாளம் தெரிந்த அவருடைய அண்ணனிடம் சொல்லி மெல்லச் சொல்லவைக்கலாமா என்று இரண்டு தடவை கடை வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் சாயா குடித்துவிட்டு வந்தேன்.

அந்த நாள் வந்தது. அதே மாங்கொழுந்துச் சேலை. பொங்காலைச் செங்கல் இந்த வருடமும் தெருவோரம் அடுக்கியிருந்தது. வெயில் கடுமை. தலைவர் பேசினார், மாலை போட்டார், மௌனம் என்றார். எல்லோரும் குனிந்தார்கள். எதிரே கடையில் அண்ணன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. பழக்கத்தில் இரண்டு மூன்று தலைகள் லேசாக அசைந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடமும் ஆயிற்று. எங்கள் தெருவில் முதல் தடவையாக. அப்போது அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நாக்கு எழவில்லை.

மதி என்ற சொல் இல்லாமல் எங்கள் தெருவில் யாரும் தலை நிமிர்ந்து பழக்கமில்லை. அதனால் எல்லோரும் நின்றார்கள். மூன்று நிமிடம், நாலு நிமிடம். "சாமி, மதி பற," என்று, சீக்கிரம் சொல்லச்சொல்லி, தலைவர் குனிந்தபடியே முனகினார். யாரோ இருமினார்கள். முக்கில் திரும்பிய ஆட்டோக்காரன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்து இறங்கி நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அணைத்தான். மெதுவாக அந்தப் பள்ளத்தில் தெரு மொத்தமும் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த கால்கள் ஓய்ந்தன. கொடியில் காய்ந்த வேட்டி ஒன்று ஆடி நின்றது. கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாசனை மிதந்து வந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் கையில்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை.

அவர் கல்லை விட்டு என்னை நோக்கி நடந்து வந்தார். சுட்ட தார் ரோட்டில் வெறுங்காலோடு, அவசரமில்லாமல். எனக்கு எதிரே வந்து நின்றார்.

"மதி சாமி," என்றார்.

மைக் அதை வாங்கித் தெருவுக்குச் சொல்லிற்று. தலைகள் நிமிர்ந்தன. எங்கள் வீட்டில் மோர் விடும்போது சொல்வோமே, அதே மாதிரிதான் சொன்னார்.

"வெயில் ஏறுது. எல்லாரும் பாவம், நிக்காவல்லா."

"அம்மா, அந்த வார்த்தை இந்த ஊரிலே..." என்று ஆரம்பித்தேன். மைக்கைத் தள்ளிப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

"தெரியும் சாமி. போன வருசம் ஊருக்குப் போயி அண்ணனுக்குப் போன் போட்டு, ஒங்களப் பத்திப் பெருமையாச் சொன்னேன். அவன் அழுதுட்டான். பொறவு சொன்னான். போதும்னு அர்த்தமாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை மன்னிச்சுடுங்கோ என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொன்னேனா என்று நிச்சயமில்லை.

"நீங்க என்ன தப்பு செஞ்சிய?" என்றார் அவர். "ஒங்களுக்கெல்லாம் போதும்னு சொன்னிய. எனக்குப் போதல. நான் நின்னேன்."

அவர் திரும்பிப் போய்க் கல்லுக்கு முன்னால் தலை குனிந்தார். அண்ணன் கடைக்குள் போய் அடுப்பைத் துடைத்துப் புதிதாகப் பால் வைத்தார். சாயா வந்தது, கிளாஸ்கள் கை மாறின, ஆட்டோக்கள் கிளம்பின. மேஜைக்கு முதலில் போகிற ஆள் அன்று போகவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டடி பின்னால், அவர் திரும்பும்வரை நின்றேன்.